பொருள்வயின் பிரிவும் வீட்டு நாயும்: ஒரு திணை ஆய்வு

பொருள் தேடித் தலைவன் வீட்டைவிட்டுப் பிரிவதைப் பற்றித் தமிழில் ஈராயிரம் ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருக்கிறோம். அவன் நடந்த வழியின் வெம்மை, அங்கே பதுங்கியிருந்த ஆறலை கள்வர், வீட்டில் தலைவியின் வளை கழன்றது, சுவரில் அவள் நாள் எண்ணிக் கோடு போட்டது என எல்லாம் பதிவாகியிருக்கின்றன. அவன் கிளம்பிய காலையில் வீட்டு நாய் எங்கே படுத்திருந்தது, மதியம் அதற்குச் சோறு வைத்தவர் யார், அதை வெளியே கூட்டிப்போனவர் யார் என்பது பற்றி மட்டும் ஒரு குறிப்பும் என் கண்ணில் படவில்லை. உரையாசிரியர்களும் வாய் திறக்கக் காணோம். இந்தக் குறையை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்காகப் பட்டம் எதுவும் எதிர்பார்க்கவில்லை, கொடுத்தால் மறுப்பதற்கில்லை.

நாய் அகத்திணைக்கு அந்நியமான விலங்கு அன்று. இரவுக்குறிக்கு, அதாவது இரவில் தலைவியை மறைவாகச் சந்திக்க, வருகிற தலைவனுக்கு நேரும் இடையூறுகளில் ஊர்க்காவலர், நிலவு, கோழி இவற்றோடு நாய்க்கும் இடம் உண்டு. அதாவது, புதிதாக ஒருவன் வீட்டுப்பக்கம் வரும்போது குரைப்பதற்காக நாயை இலக்கியத்துக்குள் அழைத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து ஒருவன் போகும்போது அது என்ன செய்யும் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருந்திருக்காது. அன்றைய நாய்க்குத் திண்ணை இருந்தது, தெரு இருந்தது, எந்நேரமும் வீட்டில் யாராவது ஒரு கிழவி இருந்தாள். பூட்டிய கதவுக்குப் பின்னால் பதினோரு மணி நேரம் இருக்கிற நாய் நம் காலத்துப் படைப்பு.

ஆய்வுக் களம்

மேடவாக்கம், துரைப்பாக்கம் தொடங்கிச் சிறுசேரி வரை எழும்பி நிற்கும் அடுக்குமாடி நிலமே நம் களம். இந்நிலத்தின் கருப்பொருள் வருமாறு. நீர், இருபது லிட்டர் கேன். உணவு, செயலியில் சொல்லி வரவழைப்பது. மரம், பால்கனி மணி பிளான்ட். புள், ஏசி வெளிப்பெட்டியின் மேல் கூடு கட்டும் புறா. பண், கார் பின்னால் வரும்போது எழுப்பும் மெட்டு. தொழில், மென்பொருள். விலங்கு, நாய்.

நாய் என்றால் லாப்ரடார், பீகிள், ஷிட்சூ, கோல்டன் ரிட்ரீவர், அப்புறம் தெருவிலிருந்து தத்தெடுத்த நாட்டு நாய். 2003 வாக்கில் ஒரு செல்போன் விளம்பரத்தில் சிறுவன் போகுமிடமெல்லாம் ஒரு பக் நாய் பின்னால் போனதைப் பார்த்து நாடே பக் வாங்கியது. அந்த அலையின் மிச்சமாக ஒன்றிரண்டு பக்குகளும் மூச்சு வாங்கிக்கொண்டு திரிகின்றன. (போகுமிடமெல்லாம் கூட வரும் என்று நம்பி வாங்கியவர்கள், எங்கும் கூட்டிப்போகாமல் வீட்டில் பூட்டிவைத்தது இந்த வரலாற்றின் நகைமுரண்.) நம் மண்ணின் இராஜபாளையம், கோம்பை, கன்னி, சிப்பிப்பாறை ஆகியவற்றை இந்நிலத்தில் அதிகம் காண முடியாது. அது நல்லதுதான். ஓடுவதற்கென்றே பிறந்த சிப்பிப்பாறையை இரண்டு படுக்கையறை வீட்டில் வைத்திருப்பது பந்தயக் குதிரையை மாடிப்படியில் கட்டிவைப்பது போல.

பெயரிடல் முறையிலும் ஒரு மாற்றம் தென்படுகிறது. நம் தாத்தா காலத்தில் நாட்டு நாய்க்கு டைகர், ஜிம்மி, டாமி என்று பெயர் வைத்தார்கள். இன்று இங்கிலாந்து வழிவந்த பீகிளுக்கு ரசம் என்றும், திபெத்து வழிவந்த ஷிட்சூவுக்கு இட்லி என்றும் பெயர் வைக்கிறார்கள். இதற்கான காரணம் தனி ஆய்வுக்கு உரியது. எங்கள் வீட்டு நாட்டு நாயின் பெயர் சுக்கு. எங்கள் குடியிருப்பின் ஆறாவது மாடியில் இருக்கும் பீகிள்தான் மேற்படி ரசம். இவ்விருவரும் இவ்வாய்வின் முதன்மைச் சான்றுகள். இருவரிடமும் முறைப்படி ஒப்புதல் பெறப்பட்டது. அதற்கு ஆளுக்கொரு பொறை செலவானது.

குறிப்பறிதல்

தலைவன் பிரியப்போகிறான் என்பதை அவன் சொல்லாமலே தலைவி அறிவாள் என்பது மரபு. அவன் வழக்கத்தைவிட அன்பாகப் பேசுவான், அவள் பிடித்துவிடுவாள். நாயும் அப்படியே. சுக்குவுக்கு மடிக்கணினிப் பையின் ஜிப் ஒலி தெரியும். அடையாள அட்டையின் பட்டை கழுத்தில் விழுவது தெரியும். டிபன் பாக்ஸ் மூடியின் சத்தத்தைக் கேட்டு அது திங்கட்கிழமையா ஞாயிற்றுக்கிழமையா என்று சொல்லிவிடும். செருப்பை எடுத்தால் வாலாட்டும், ஏனெனில் செருப்பு என்றால் நடை. ஷூவுக்குள் காலை விட்டால் போய்ச் சோபாவுக்கு அடியில் படுத்துக்கொள்ளும், ஏனெனில் ஷூ என்றால் ஆபீஸ். ருஷ்யாவின் இவான் பாவ்லோவ் செரிமானத்தை ஆராய்ந்து 1904இல் நோபல் பரிசு வாங்கினார். அவருடைய நாய்களுக்கு உணவு வருவதற்கு முன்பே, அதைக் கொண்டுவருகிற ஆளைக் கண்டே எச்சில் ஊறியது. நம் நாய்கள் எச்சிலுக்குப் பதிலாகப் பெருமூச்சு விடுகின்றன. இயங்குமுறை ஒன்றே.

இதற்குப் பயிற்சியாளர்கள் சொல்லும் மருந்து, குறிப்பைப் பொய்யாக்குவது. சாவியை எடுங்கள், போகாதீர்கள். ஷூவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து காபி குடியுங்கள். பையை மாட்டிக்கொண்டு பாத்திரம் துலக்குங்கள். நாளடைவில் ஜிப் ஒலிக்கும் தனிமைக்கும் உள்ள முடிச்சு அவிழும். முறை சரியானதே. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஷூவும் லுங்கியுமாக அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டு ஹாலில் உலாத்துபவரைப் பற்றி வீட்டில் மற்றவர்களுக்கு எழும் ஐயத்தைத் தீர்க்க இம்முறையில் வழியில்லை.

கிளம்பும்போது கட்டிப்பிடித்து, முத்தம் கொடுத்து, “அப்பா சீக்கிரம் வந்துடுவேன்டா கண்ணா” என்று தழுதழுப்பது தவறு என்கிறார்கள் வல்லுநர்கள் பலர். போவது ஒரு பெரிய விஷயமே இல்லை என்பதுபோலப் போக வேண்டும். திரும்பி வந்ததும் நாய் அடங்கும்வரை கண்டுகொள்ளாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது பகுதியைச் செய்துகாட்டிய மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை.

செலவழுங்குதலும் உடன்போக்கும்

தலைவியின் கண்ணீரைக் கண்டு தலைவன் பயணத்தை நிறுத்திவைப்பது செலவழுங்குதல். தமிழ்நாட்டு நாய்களின் வரலாற்றில் இது 2020 மார்ச்சில் நடந்தது. ஊரடங்கு வந்தது. தலைவர்கள் எல்லோரும் மொத்தமாகச் செலவழுங்கினார்கள். நாயின் பார்வையில் உலகம் ஒருவழியாகத் திருந்திவிட்டது. இவர்களும் சும்மா இல்லாமல் வீட்டிலேயே இருக்கிறோமே என்று புதிதாக நாய் வாங்கினார்கள். அந்தக் குட்டிகள் ஆளில்லாத வீட்டைப் பார்த்ததே இல்லை. ஆனால் தொல்காப்பியர் அப்போதே எச்சரித்திருக்கிறார்: செலவழுங்குதல் என்பது போகாமலே இருந்துவிடுவது அன்று, தேற்றிவிட்டுப் போவதற்காகக் கொஞ்சம் தாமதிப்பது மட்டுமே. மனிதவளத் துறையும் இதே கருத்துடையது என்பது இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த மின்னஞ்சல்களால் தெளிவாயிற்று. இப்போது வாரத்துக்கு மூன்று நாள் பிரிவு, இரண்டு நாள் அழுங்கல் என்ற கலப்பு முறை நடக்கிறது. நாய்க்கு இது முழுப் பிரிவைவிடக் கடினம் என்பது என் துணிபு. எந்த நாள் எது என்று அதற்கு யாரும் நாட்காட்டி கொடுப்பதில்லை.

இனி உடன்போக்கு. தலைவன் தலைவியையும் உடன் கூட்டிப்போவது மரபு; இங்கே, நாயையும் அலுவலகத்துக்கு இட்டுச்செல்லல். அமெரிக்காவில் 1999 முதல் ஆண்டுக்கொரு நாள் இதற்கென்றே கொண்டாடுகிறார்கள். சியாட்டிலில் அமேசான் அலுவலகத்துக்குள் ஊழியர்களின் நாய்கள் நாள்தோறும் வந்துபோகின்றன. கடற்பயணத்தில் தலைவன் பெண்ணை உடன் கொண்டுபோகும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியர் வரையறுத்தார். நம்மூர் நிறுவனங்கள் பெரும்பாலும் நாய் விஷயத்தில் அதே நிலைப்பாட்டை எடுத்துள்ளன. ஒருவேளை அனுமதித்தாலும், காலை ஒன்பது மணிக்குச் சோழிங்கநல்லூர் சிக்னலில் மெட்ரோ ரயில் வேலைத் தடுப்புகளுக்கு நடுவே ஒரு லாப்ரடாரோடு காரில் இருப்பதைப் பாலை என்பதா வேறேதேனும் என்பதா என்று திணை பிரிப்பது கடினம்.

அலர்

தலைவியின் காதலை ஊரார் தூற்றுவது அலர். அடுக்குமாடி நிலத்தில் அலர் வாட்ஸப் குழுவில் எழும். “ஆறாவது மாடி நாய் காலையிலேர்ந்து ஊளையிடுது, அபசகுனமா இருக்கு” என்பது அதன் தொடக்கம். கீழே கைகூப்பிய பொம்மைகள். பின் ஒருவர் விதிமுறையின் படத்தைப் போடுவார். மற்றொருவர் லிஃப்டில் நாய் ஏறக் கூடாது என்பார். பீகிள் என்பது வேட்டைக்காரர்களுக்குத் தூரத்திலிருந்தே கேட்க வேண்டும் என்பதற்காகக் குரல் வளர்க்கப்பட்ட இனம் என்று ரசத்தின் உரிமையாளர் பொறுமையாக விளக்குவார். அந்த விளக்கம் எந்தக் குழுவிலும் எடுபட்டதில்லை.

சட்டம் ரசத்தின் பக்கமே இருக்கிறது. வளர்ப்பு நாயைக் குடியிருப்பு சங்கங்கள் தடைசெய்ய முடியாது, குரைப்பதைக் காரணம் காட்டி வெளியேற்ற முடியாது, லிஃப்டை மறுக்கக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. இவ்வழக்கில் இதைவிட மூத்த முன்தீர்ப்பு ஒன்று உண்டு. மகாபாரதத்தின் இறுதியில் தருமர் ஒரு நாயோடு சொர்க்கத்தின் வாசலுக்குப் போகிறார். நாய் வைத்திருப்பவருக்கு இங்கே இடமில்லை என்கிறான் இந்திரன். சங்கச் செயலாளர் பதவியின் முதல் பதிவு இதுவே. நம்பி வந்ததை விட்டுவிட்டு எனக்குச் சொர்க்கம் வேண்டாம் என்று தருமர் நின்றுவிடுகிறார். நாய் தருமதேவதையாக மாறி வழக்கை முடித்துவைக்கிறது. அதே பாரதத்தின் தொடக்கத்தில், எந்தக் குற்றமும் செய்யாத தன் குட்டியை ஜனமேஜயனின் தம்பிகள் அடித்துவிட்டார்கள் என்று சரமை என்ற தாய்நாய் யாகசாலைக்கே வந்து முறையிட்டுச் சாபம் கொடுக்கிறது. அவ்வளவு பெரிய காவியம் நாய் சார்ந்த ஒரு புகாரில் ஆரம்பித்து, நாய் சார்ந்த ஒரு பேச்சுவார்த்தையை ஒட்டி முடிகிறது. நடுவில் நடந்த போர் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

ஆற்றுவித்தல்

பிரிந்தவர் இல்லாத பொழுதை ஆற்றிக் கழிக்க உதவும் கருவிகள் பல. உள்ளே குழிந்த ரப்பர் பொம்மையில் உணவை அடைத்து உறையவைத்துக் கொடுப்பது மேனாட்டு வழக்கம். இந்நிலத்தில் தயிர்சாதம் அடைக்கிறார்கள். தாளிக்காத தயிர்சாதம் என்க. வெங்காயம் நாய்க்கு நஞ்சு, திராட்சையும் நஞ்சு, சாக்லேட்டும் நஞ்சு. சர்க்கரைப் பொங்கலை நெய் மணக்கிறதே என்று பகிர்ந்துகொள்ளும் அன்பர்கள் அதிலுள்ள உலர்திராட்சையை நினைவில் கொள்க.

இசை அடுத்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகமும் ஸ்காட்லாந்து விலங்குவதைத் தடுப்புச் சங்கமும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், காப்பக நாய்களுக்கு ஐந்து வகை இசையைப் போட்டுப் பார்த்தார்கள். ரெகேவுக்கும் மென் ராக்குக்கும் அவை கூடுதலாக அமைதியடைந்தன. கானாவை அவர்கள் சேர்க்கவில்லை, இளையராஜாவையும் சேர்க்கவில்லை. ஆகவே எங்கள் குடியிருப்பில் பகல் முழுக்க எண்பதுகளின் பாட்டு ஓடும் வீடுகள் எந்த ஆதாரத்தில் அப்படிச் செய்கின்றன என்பது தெரியவில்லை. நாய்கள் ஆட்சேபிக்கவில்லை.

ஏசி பற்றிச் சுருக்கமாக: கத்திரி வெயிலில் மேல்மாடி வீட்டில் பகலெல்லாம் ஏசியைப் போட்டுவைத்தால் இரண்டு மாதக் கணக்கில் மின்சாரம் ஐந்நூறு யூனிட்டைத் தாண்டும்; தாண்டினால் கட்டண விகிதமே ஏறிவிடும். நாய்க்கு நம்மைப்போல உடலெங்கும் வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டு உண்மைகளுக்கும் இடையில் பல தம்பதியர் சண்டை போட்டிருக்கிறார்கள். குளியலறைத் தரையே போதும் என்று நாய் முடிவெடுத்த பிறகும் சண்டை ஓயாது.

துணைக்கு இன்னொரு நாய் வாங்குவது என்ற கோட்பாட்டை ஐந்தாம் மாடியில் ஒருவர் சோதித்தார். இப்போது இரண்டும் சேர்ந்து ஊளையிடுகின்றன. நாய் தேடுவது போன ஆளை; வேறு நாயை அன்று.

கேமராவைத் தனியே சொல்ல வேண்டும். இருபக்கமும் பேச வசதியுள்ள கேமராவை டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அலுவலகத்திலிருந்து நாயைப் பார்த்துக்கொண்டே இருப்பது இன்றைய தலைவனின் வாழ்க்கை. நாய் தூங்கும். அவர் பார்ப்பார். நாய் புரண்டு படுக்கும். அவர் பக்கத்து நாற்காலிக்காரருக்கும் காட்டுவார். பிறகு பொறுக்க முடியாமல் அதன் வழியே பேசுவார். தூங்கிக்கொண்டிருந்த நாய் திடுக்கிட்டு எழுந்து, குரல் இருக்கிறது ஆள் இல்லை என்ற குழப்பத்தில் வீடு முழுக்கத் தேடி, கடைசியில் கதவருகே உட்கார்ந்து அழும். “பாருங்க, எவ்ளோ மிஸ் பண்றான்” என்பார் அவர். எங்கள் குடியிருப்பில் ஒருவர் வாடிக்கையாளர் கூட்டத்தின் நடுவே மைக்கை அணைக்க மறந்து, “சமத்தா படுத்துக்கோடா செல்லம், அப்பா வந்து முட்டை தரேன்” என்று சொல்லிவிட்டார். கூட்டத்தில் நீண்ட அமைதி நிலவியது. ஒப்பந்தம் கைவிட்டுப் போகவில்லை என்று கேள்வி.

பாலையா, முல்லையா

இனி இவ்வாய்வின் மையச் சிக்கலுக்கு வருவோம். பிரிதல் பாலைக்கு உரியது. இருத்தல், அதாவது திரும்பி வருவார் என்ற உறுதியோடு ஆற்றியிருத்தல், முல்லைக்கு உரியது. பூட்டிய வீட்டு நாய் எத்திணையில் இருக்கிறது? அதன் உரிமையாளரைக் கேட்டால் பாலை என்பார். கள்ளியும் வறண்ட சுனையும் பருந்துமாக அவர் மனக்கண்ணில் ஹால் தெரியும். சான்றுகள் என்ன சொல்கின்றன?

சுவீடனில் ரேன், கீலிங் என்ற இரு ஆய்வாளர்கள் 2011இல் பன்னிரண்டு நாய்களை அரை மணி, இரண்டு மணி, நான்கு மணி நேரம் என்று வீட்டில் தனியே விட்டுப் படம்பிடித்தார்கள். தனியே இருக்கும்போது அவை பெரும்பாலும் படுத்தே கிடந்தன. அரை மணிக்குப் பின் கிடைத்த வரவேற்பைவிட இரண்டு மணிக்குப் பின் கிடைத்த வரவேற்பு ஆரவாரமாக இருந்தது. இரண்டுக்கும் நான்குக்கும் இடையில் பெரிய வேறுபாடு இல்லை. நாய்க்கு நேரம் தெரிகிறது, ஆனால் நம்மைப் போல மணிக்கணக்குப் பார்த்து வட்டி போடுவதில்லை என்று இதை நான் வாசிக்கிறேன். வளர்ந்த நாய் ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கும் பிராணி என்பதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க.

செருப்பைக் கடித்துக் குதறிவிட்டு, நாம் உள்ளே நுழைந்ததும் தலையைத் தொங்கவிட்டுக் காதை மடக்கி நிற்கிறதே, அது குற்றவுணர்வு இல்லையா? இல்லை என்கிறார் நியூயார்க்கின் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ். அவருடைய 2009 ஆய்வில் தின்னக் கூடாததைத் தின்ற நாயும் அந்த முகத்தைக் காட்டியது, தின்னாத நாயும் காட்டியது. உரிமையாளர் திட்டுகிறாரா இல்லையா என்பதைப் பொறுத்தே அந்த முகம் வந்தது; தப்பே செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. சரமையின் குட்டி வழக்கு நினைவுக்கு வரட்டும். அப்படியானால் அந்த வீட்டில் குற்றவுணர்வு யாருக்கு இருக்கிறது? எஞ்சியிருப்பது ஒரே ஒருவர். அவர் கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது.

நாய்க்கு ஒன்றுமே இல்லை என்பது என் வாதமன்று. திரும்பி வந்த எஜமானைக் கண்டதும் நாயின் கண்ணில் நீர் கூடுகிறது என்று ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகத்தார் 2022இல் அளந்து காட்டினார்கள். டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில் ஹச்சிகோ என்ற நாய், 1925இல் இறந்துபோன தன் பேராசிரியருக்காக 1935இல் தான் சாகும்வரை வந்து வந்து காத்திருந்தது. கவனிக்க: அது பூட்டிய வீட்டுக்குள் காத்திருக்கவில்லை. நிலையத்துக்கு நடந்து போனது, நாலு பேரைப் பார்த்தது, கிடைத்ததைத் தின்றது. முல்லைக்கும் ஒரு வெளி வேண்டும். உண்மையான பிரிவுநோயும் உண்டு. ஆள் போன அரை மணிக்குள் கதவைப் பிறாண்டி நகம் உடைவது, எச்சில் வழிய ஊளையிடுவது, பழகிய நாய் வீட்டுக்குள்ளேயே மூத்திரம் போய்விடுவது இவை அதன் குறிகள். அதற்குத் தேவை திட்டு அன்று, வைத்தியம். வேப்பேரியில் 1903 முதல் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

எஜமான் வீட்டுக்குக் கிளம்பும் கணத்தை நாய் தொலைவிலிருந்தே உணர்ந்துவிடும் என்று ரூபர்ட் ஷெல்ட்ரேக் 1999இல் ஒரு நூலே எழுதினார். அதன் நாயகனான ஜேட்டி என்ற நாயை ரிச்சர்ட் வைஸ்மன் என்ற உளவியலாளர் சோதித்தபோது, அது வாசலுக்கு அடிக்கடி போய்ப் போய்ப் பார்க்கிற நாய் என்று கண்டார். ஷெல்ட்ரேக் ஒப்பவில்லை. அந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டாம். எங்கள் வீட்டில் இதற்கு நேரடிச் சாட்சி ஒருவர் இருக்கிறார்.

மதியம் வந்து பாத்திரம் தேய்த்து, வீடு துடைத்து, சுக்குவைக் கீழே கூட்டிப்போகிற அக்கா அவர். நாய் பகலெல்லாம் எப்படி இருக்கிறது என்று, ஆய்வுமுறைப்படி நடுநிலையான குரலில் கேட்டேன்.

“அதுக்கென்ன சார், நீங்க போனா பத்து நிமிஷம் கதவுகிட்ட நிக்கும், அப்புறம் உங்க சோபாவுல ஏறிப் படுத்துக்கும், நீங்க ஏறக் கூடாதுன்னு சொன்ன சோபா. நீங்கதான் கேட் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டுப் போறீங்களாம். வாட்ச்மேன் சொல்லிச் சிரிக்கிறாரு.”

இச்சான்றால் திணை தெளிவாயிற்று. பாலையில் இருப்பவர் உரிமையாளர். நாய் முல்லையில் இருக்கிறது. முல்லைக்குரிய சிறுபொழுது மாலை. அம்மாலையில் லிஃப்ட் நம் மாடியில் நிற்கும் ஒலியை எதிர்நோக்கிக் காதை நிமிர்த்துவதுதான் அதன் உரிப்பொருள்.

நண்பகல்

ஒரே ஒரு விதிவிலக்கு. பாலைக்கு இலக்கணம் வகுத்தவர்கள் அதன் சிறுபொழுது நண்பகல் என்றார்கள். நாயின் நாளிலும் நண்பகல் மட்டும் உண்மையான பாலை. மனத்தால் அன்று, மூத்திரப்பையால்.

நான்கு மணி நேரத்துக்கு மேல் நாயைத் தனியே விடாதீர்கள் என்கின்றன பிரிட்டனின் நாய்நல அமைப்புகள். பகலில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் வெளியே விட வேண்டும் என்று சுவீடன் விதியே போட்டிருக்கிறது. குட்டி என்றால் வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வருகிற மணி நேரம் தாங்கும் என்பது வழங்கிவரும் கணக்கு. நம் நிலத்தின் கணக்கைப் பாருங்கள். காலை எட்டரைக்குக் கிளம்பி மாலை ஏழரைக்குத் திரும்பினால் பதினோரு மணி நேரம். பிரிட்டன் கணக்குப்படி இடையில் இரண்டு தடவை, சுவீடன் கணக்குப்படி ஒரு தடவை யாராவது கதவைத் திறந்தாக வேண்டும். எந்தக் கேமராவுக்கும் கை கிடையாது. உறைந்த தயிர்சாதத்துக்கும் கிடையாது. தயிர்சாதம் சிக்கலைக் கூட்டவே செய்யும்.

ஆக, முழுநேர வேலையையும் நாயையும் ஒருசேரச் சமாளிக்கிறேன் என்று சொல்லும் ஒவ்வொரு வீட்டிலும் போய்த் தேடினால், அந்தச் சமாளிப்பு ஓர் ஆளாக உட்கார்ந்திருக்கும். மாமியார், ஓய்வுபெற்ற அப்பா, கல்லூரி விட்டு வரும் பக்கத்து வீட்டுப் பையன், பெரும்பாலும் வேலைக்கு வரும் அக்கா. ரசத்தின் ஊளை நின்றதும் இப்படித்தான். அதன் வீட்டில் இசையும் பொம்மையும் கேமராவும் ஏற்கெனவே இருந்தன. கீழ்த்தளத்தில் வேலை செய்யும் ஒருவர் மதியம் மேலே போய்வரத் தொடங்கிய வாரத்தில் வாட்ஸப் அலர் அடங்கிற்று. அகத்திணை இதை அப்போதே அறிந்திருந்தது. தலைவனும் தலைவியும் உருகிக்கொண்டிருக்க, குறியிடம் சொல்வது, காவலைப் பார்ப்பது, தலைவனைக் கண்டிப்பது, தலைவியைத் தேற்றுவது என்று நடைமுறை முழுவதையும் நடத்துகிறவள் தோழி. அவளுக்குக் கூற்று ஏராளம். ஆனால் பிரிந்து போனவன் பொருளோடு திரும்பியபோது அவளுக்கு என்ன கொடுத்தான் என்று நான் தேடியவரை எங்கும் காணோம்.

சட்டமும் தோழியை அறியும். மாநிலங்களவை உறுப்பினராயிருந்த ருக்மிணி தேவி அருண்டேல் தனிநபர் மசோதா கொண்டுவந்து போராடியதன் பயனாகப் பிறந்தது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அதன் 11ஆம் பிரிவில் அடைத்தோ கட்டியோ வைத்திருக்கும் நாய் பற்றித் தனியே ஓர் உட்பிரிவு இருக்கிறது: உரிமையாளர் அதைப் போதிய அளவு நடத்திச் செல்லாவிட்டாலோ, பிறரைக் கொண்டு நடத்தாவிட்டாலோ அது வதை, அது குற்றம். முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. தொகையைப் பார்த்துச் சிரிக்கலாம். “பிறரைக் கொண்டு” என்பதைப் பார்த்துச் சிரிப்பதற்கில்லை. மென்பொருள் என்ற தொழிலே இங்கே இல்லாத 1960இல், வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விடுவார், வேறு யாரோ வந்துதான் நாயை இறக்கிக் கூட்டிப்போவார் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

அந்தப் பிறர் மே மாதத்து மதியம் ஒன்றரை மணிக்கு நாயோடு கீழே நிற்கிறார். தார்ச்சாலையில் புறங்கையை ஐந்து நொடி வைத்துப் பார்த்து, சுட்டால் நாயின் பாதமும் வெந்துவிடும் என்று கார் நிறுத்தும் நிழலிலேயே நடத்திவிட்டு வருகிறார். வேறு நாய் பாய்ந்தால் நடுவில் நிற்பது அவருடைய கால். ஆகவே வெறிநாய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாமல் போட்டு, மாநகராட்சி உரிமத்தைப் புதுப்பித்துவைப்பது முதல் கடமை. அது நாய்க்காக மட்டும் அன்று.

முடிபு ஒன்றே. காலையில் நீங்கள் அரை மணி நடத்துங்கள், மாலையில் அரை மணி நடத்துங்கள், நடுப்பகலுக்கு ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள். இந்த மூன்றுக்கும் வழியில்லாதவர் நாய் வாங்க வேண்டாம். ஆள் ஏற்கெனவே இருந்தால், மதியம் நாயைக் கூட்டிப்போவது பாத்திரம் தேய்க்கிற சம்பளத்தில் அடங்காது என்பதை அறிக. உறைபொம்மைக்கும் கேமராவுக்கும் கொடுத்த பணத்தை ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டு, அந்த அக்காவுக்கு வரும் முதல் தேதியிலிருந்து அதற்கென்று தனியாகக் கொடுங்கள். தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ்.